படிகளில் நின்று சத்தம் போடாதீர்கள்

நியூயார்க்கில் வேலை பார்க்கும் என் அக்கா மகளுடன் அக்டோபரில் மூன்று வாரம் தங்கியிருந்தேன். ஹாலோவீனை முன்னிட்டு வீட்டுக்கு வீடு பிளாஸ்டிக் எலும்புக்கூடுகளைத் தொங்கவிட்டிருந்த நேரம் அது. “சித்தி, இதெல்லாம் பொம்மை. நெஜமாவே பேய் இருக்குன்னு சொல்ற வீடு ஒண்ணு இருக்கு, வர்றீங்களா?” என்று அவள் ஒரு நாள் காலையில் கேட்டாள். எனக்குப் பேய்களிடம் நம்பிக்கையும் கிடையாது, பகையும் கிடையாது. ஆனால் பழைய வீடு என்று யாராவது சொன்னால் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பிவிடும் ஆள் நான். அப்படித்தான் மன்ஹாட்டனின் கிழக்கு நான்காம் தெருவில் 29-ஆம் எண் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம். ஒருமுறை பகலிலும், மறுநாள் இரவு மெழுகுவத்தி வெளிச்சத்தில் மறுமுறையும் அந்த வீட்டைப் பார்த்தேன்.

மெர்ச்சன்ட்ஸ் ஹவுஸ் மியூசியம் என்று இன்று அழைக்கப்படும் இந்த வீட்டை 1832-இல் ஜோசப் புரூஸ்டர் என்ற தொப்பி வியாபாரி கட்டினார். மூன்றே ஆண்டுகளில், இரும்புச் சாமான்கள் இறக்குமதி செய்து பொருள் ஈட்டிய சீபரி ட்ரெட்வெல் என்பவர் 18,000 டாலர் கொடுத்து இதை வாங்கிக்கொண்டு, மனைவி எலைசாவுடனும் ஏழு பிள்ளைகளுடனும் குடிவந்தார். எட்டாவது குழந்தை கெர்ட்ரூட் 1840-இல் இந்த வீட்டிலேயே பிறந்து, திருமணம் செய்துகொள்ளாமல் இங்கேயே வாழ்ந்து, 1933-இல் இதே வீட்டின் மாடி அறையில் இறந்தார். ஏறத்தாழ நூறு ஆண்டுகள் ஒரே குடும்பம் குடியிருந்துவிட்டுப் போன வீடு இது. தட்டுமுட்டுச் சாமான்கள் ஏலத்தில் சிதறிப் போவதற்கு முன்பு தூரத்து உறவினரான ஜார்ஜ் சாப்மன் என்ற வழக்கறிஞர் வீட்டைக் காப்பாற்றி, 1936-இல் அருங்காட்சியகமாகத் திறந்துவைத்தார். அதனால் இங்கே நாற்காலி, கட்டில், சரவிளக்கு, பீங்கான், பெண்கள் உடுத்திய உடைகள் என எல்லாமே அந்தக் குடும்பத்துக்குச் சொந்தமானவை. மற்ற பழைய வீடுகளில் “அந்தக் காலத்து நாற்காலி” ஒன்றை எங்கிருந்தோ வாங்கிவந்து போட்டிருப்பார்கள். இங்கே இருப்பது அவர்கள் உட்கார்ந்த நாற்காலி. பேய் வீடு என்ற பெயர் இந்த வீட்டுக்கு ஏன் ஒட்டிக்கொண்டது என்பதற்கு எனக்குக் கிடைத்த விடையில் பாதி இதுதான்.

தெருவிலிருந்து பார்க்கும்போது வீடு தனித்துத் தெரிகிறது. சிவப்புச் செங்கல் முகப்பு, வெள்ளைச் சலவைக்கல் வாசல், கதவுக்கு மேலே விசிறி வடிவத்தில் கண்ணாடி, இரு பக்கமும் இரும்புக் கைப்பிடி வைத்த உயரமான வாசற்படிகள், சரிந்த கூரையிலிருந்து எட்டிப் பார்க்கும் இரண்டு சிறு சன்னல்கள். 1830-களில் இந்தத் தெருவும் சுற்றுவட்டாரமும் நகரத்துப் பணக்காரர்கள் போட்டி போட்டுக்கொண்டு வீடு கட்டிய பகுதியாக இருந்தன. பிறகு பணம் வடக்கு நோக்கி நகர்ந்தது. அதன் பின்னாலேயே பணக்காரர்களும் நகர்ந்தார்கள். காலி செய்த வீடுகள் வாடகை அறைகளாகவும் பட்டறைகளாகவும் கிடங்குகளாகவும் மாறின. ட்ரெட்வெல் குடும்பம் மட்டும் நகரவில்லை. கடைசி ஆண்டுகளில் கெர்ட்ரூட் சன்னல் வழியே எதைப் பார்த்திருப்பார் என்று யோசித்தேன். தான் பிறந்த தெருவில் தனக்குத் தெரிந்த ஒரு கதவுகூட மிச்சமில்லாத காட்சியைத்தான் பார்த்திருப்பார்.

உள்ளே போனதும் நாங்கள் முதலில் இறங்கியது, தெரு மட்டத்துக்குச் சற்றுத் தாழ்ந்திருக்கும் அடுக்களைக்கு. பேய்க் கதைகளில் அடுக்களைக்குப் பெரும்பாலும் இடமில்லை; நான் அதிக நேரம் நின்றது அங்கேதான். அகன்ற அடுப்பு மாடத்துக்குள் வார்ப்பிரும்பு அடுப்பு ஒன்று கறுத்து உட்கார்ந்திருக்கிறது. பக்கத்துச் சுவரில் ரொட்டி சுடும் சூளை. கொல்லையில் மழைநீரைச் சேர்த்துவைக்க 4,000 கேலன், அதாவது ஏறத்தாழ 15,000 லிட்டர் பிடிக்கும் நிலத்தடித் தொட்டி இருந்திருக்கிறது. குரோட்டன் நதியிலிருந்து நகரத்துக்குக் குழாய்த் தண்ணீர் வந்ததே 1842-இல்தான். அதற்கு முன்பு இந்த வீட்டில் யாராவது மாடியில் வெந்நீரில் குளித்தார்கள் என்றால், அந்தத் தண்ணீரை யாரோ இறைத்து, காய்ச்சி, படியேறிச் சுமந்து, பிறகு அழுக்குத் தண்ணீரையும் சுமந்து இறங்கியிருக்கிறார்கள். விறகும் கரியும் சாம்பலும் அப்படித்தான். சுவரில் அழைப்பு மணிகள் இருக்கின்றன. மேல் அறையில் இழுத்தால் கீழே மணி அடிக்கும். அடித்த மணியைப் பார்த்து எந்த அறைக்கு ஓடவேண்டும் என்று பணிப்பெண் தெரிந்துகொள்வாள். “நம்ம ஆபீஸ் சாட் மாதிரி” என்றாள் அக்கா மகள். அவளுடைய அலைபேசி அன்று காலையிலிருந்து பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அடித்துக்கொண்டிருந்ததால், நான் மறுத்துப் பேசவில்லை.

அங்கிருந்து ஒரு மாடி ஏறினால் காட்சி தலைகீழாக மாறிவிடுகிறது. முன்னும் பின்னுமாக இரண்டு வரவேற்பறைகள். நடுவே சுவருக்குள் நழுவி மறையும் மகாகனிக் கதவுகள், அவற்றின் இரு பக்கமும் கிரேக்கக் கோயில் பாணியில் தூண்கள். கறுப்புச் சலவைக்கல்லில் கணப்பு மாடங்கள். கூரையில் சுதையால் இழைத்த பெரிய வட்ட மலர்கள், அவற்றின் நடுவிலிருந்து தொங்கும் எரிவாயுச் சரவிளக்குகள். வெளியே அடக்கமாக நிற்கும் வீடு உள்ளே இப்படி மார்தட்டுவதை நான் எதிர்பார்க்கவில்லை. எல்லாம் சரி, பின்புற வரவேற்பறையில் ஒரு சவப்பெட்டி இருந்தது.

ஆண்டுதோறும் அக்டோபர் மாதத்தில் இந்த வீட்டை 1865-க்குத் திருப்பிவிடுகிறார்கள். அந்த ஆண்டு மார்ச்சில் சீபரி ட்ரெட்வெல் தம் எண்பத்தைந்தாவது வயதை ஒட்டி மாடிப் படுக்கையறையில் இறந்தார். அப்போது இந்த வீட்டில் என்னென்ன நடந்திருக்குமோ அவற்றையெல்லாம் அறை அறையாக மறுபடி அமைத்துக் காட்டுகிறார்கள். வாசற்கதவில் கறுப்புக் கிரேப் துணி, கண்ணாடிகளுக்குக் கறுப்புத் திரை, நிறுத்திவைத்த கடிகாரம். இறந்தவரின் முகம் கண்ணாடியில் தெரிந்தால் அடுத்த சாவு வரும் என்ற அச்சத்தால்தான் கண்ணாடிகளை மூடினார்கள் என்பார்கள். துக்கம் காக்கும் சட்டங்கள் பெண்களுக்குத்தான் கடுமை. கைம்பெண் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் கறுப்பு உடுத்த வேண்டும். முதல் ஆண்டு பளபளப்பே இல்லாத கிரேப். மழையில் நனைந்தால் அந்தத் துணியின் சாயம் இறங்கித் தோலில் கறையாகப் படியும். மோதிரத்திலும் பதக்கத்திலும் இறந்தவரின் தலைமுடியைப் பின்னிப் பதித்துக்கொள்வார்கள். கடிதத் தாளுக்குக்கூடக் கறுப்புக் கரை உண்டு. துக்கம் மெல்ல மெல்லக் குறைவதைக் காட்ட அந்தக் கரையையும் குறுக்கிக்கொண்டே வருவார்கள் என்பதை அங்கேதான் தெரிந்துகொண்டேன்.

ட்ரெட்வெல் வீட்டுக் கதவில் கறுப்புத் துணி ஏறிய அடுத்த மாதமே நகரம் முழுவதும் அது ஏறியது. ஏப்ரலில் லிங்கன் சுட்டுக்கொல்லப்பட்டார். அவருடைய உடலைச் சுமந்த ரயில் நியூயார்க்குக்கும் வந்தது. சிட்டி ஹாலில் மக்கள் இரவும் பகலும் வரிசையில் நின்று பார்த்தார்கள். உள்நாட்டுப் போரில் செத்த சிப்பாய்களைத் தொலைதூர ஊர்களுக்கு அனுப்பவேண்டியிருந்ததால், உடலைப் பதப்படுத்தும் தொழிலும் அந்தப் போரின்போதுதான் அமெரிக்காவில் பரவலாக வளர்ந்தது. அதற்கு முன்பு வீட்டில் கிடத்திய உடலுக்குப் பனிக்கட்டிதான் துணை. எனவே, எலைசாவும் மகள்களும் தங்கள் கறுப்பு உடைகளோடு தெருவில் இறங்கியபோது, அந்தத் தெருவே தங்கள் வீட்டுத் துக்கத்தைச் சேர்த்துக் கொண்டாடுவதுபோல அவர்களுக்குத் தோன்றியிருக்குமோ என்று எனக்குப் பட்டது. “கொண்டாடுவது” சரியான சொல் இல்லைதான். ஆனால் சாவுக்கென்று இத்தனை துணியும் தாளும் நகையும் செய்து விற்ற ஒரு காலத்துக்கு வேறு சொல் எனக்கு அகப்படவில்லை.

அடுத்த மாடியில் படுக்கையறைகள். சிவப்புத் திரைகள் தொங்கும் விதானக் கட்டில்கள் இரண்டு அறைகளிலும் நிற்கின்றன. அக்டோபரில் ஒரு கட்டிலில் மரணப் படுக்கையை அமைத்திருக்கிறார்கள். கசங்கிய விரிப்பு, மருந்துக் குப்பிகள், பக்கத்தில் இழுத்துப்போட்ட நாற்காலி. எனக்கு அந்த நாற்காலியின்மீதுதான் கண் போனது. யாரோ இரவெல்லாம் உட்கார்ந்திருந்துவிட்டு, இப்போதுதான் தண்ணீர் குடிக்க எழுந்து போனதுபோல, கட்டிலை நோக்கிச் சற்றுக் கோணலாக அது கிடந்தது. அருங்காட்சியகங்களில் நாற்காலிகளை எப்போதும் சுவரை ஒட்டி நேராகத்தான் வைப்பார்கள். ஒரு நாற்காலியைக் கோணலாகப் போட்டால் அறைக்குள் ஆள் வந்துவிடுகிறது.

கெர்ட்ரூடின் கதைக்கு இனி வருகிறேன். எட்டுப் பிள்ளைகளில் பலர் மணம் செய்துகொள்ளாமலேயே இந்த வீட்டில் முதுமையடைந்தார்கள். கெர்ட்ரூட் ஒரு மருத்துவரை விரும்பினார் என்றும், அவர் கத்தோலிக்கர் என்பதால் தந்தை தடுத்துவிட்டார் என்றும் ஒரு கதை நீண்ட நாள்களாக உலவுகிறது. எழுத்தில் ஆதாரம் இல்லாத அந்தக் கதையைச் சொல்லும்போது அங்கிருந்த வழிகாட்டியே ‘சொல்வார்கள்’ என்ற சொல்லைச் சேர்த்துக்கொண்டார். உடன்பிறந்தவர்கள் ஒவ்வொருவராகப் போன பிறகு, இருபதாம் நூற்றாண்டில் கடைசியாக அவர் ஒருத்தியே மிஞ்சினார். வீட்டின்மீது கடன் ஏறிக்கொண்டிருந்தது. அப்பா வைத்திருந்தபடியே வீட்டை வைத்திருந்தார் என்று அவரைப் பற்றிப் பாசத்தோடு சொல்கிறார்கள். எனக்கு அதில் கொஞ்சம் சந்தேகம் உண்டு. அப்பாமீது வைத்த அன்பு ஒரு பங்கு என்றால், மாற்றுவதற்குக் கையில் காசில்லை என்பதும் ஒரு பங்கு இருந்திருக்க வேண்டும். வசதி இருந்திருந்தால் இந்த அறைகளில் 1890-இல் ஒருமுறையும் 1910-இல் ஒருமுறையும் எல்லாம் மாறியிருக்கும். நமக்குப் பார்க்க ஒன்றும் மிஞ்சியிருக்காது. நாம் ‘அப்படியே காப்பாற்றப்பட்டது’ என்று வியப்பதில் எவ்வளவு இல்லாமை ஒளிந்திருக்கிறது என்று யாரும் பெயர்ப்பலகை எழுதி வைப்பதில்லை.

இந்த வீட்டுக்குப் பேய்ப் பட்டம் வாங்கிக் கொடுத்த கதையும் அவருடையதுதான். அவர் இறந்த பிறகு, வீடு அருங்காட்சியகமாகத் திறப்பதற்கு முன்பு, தெருவில் விளையாடிய சிறுவர்கள் வாசற்படிகளில் ஏறிக் கூச்சல் போட்டார்களாம். கதவு படாரென்று திறந்து, பழங்கால உடையில் ஒல்லியான கிழவி ஒருத்தி வெளியே வந்து, கைகளை ஆட்டி அவர்களை விரட்டினாளாம். சத்தம் கேட்டு எட்டிப் பார்த்த அக்கம்பக்கத்தார், அது கெர்ட்ரூட் அம்மாள் என்று அடையாளம் கண்டுகொண்டார்களாம். அதற்குப் பிறகு எத்தனையோ பேர் எத்தனையோ சொல்லியிருக்கிறார்கள்: யாரும் தொடாத பியானோவிலிருந்து ஒலி, ஆளில்லாத அறையில் காலடி, சமையல் நடக்காத வீட்டில் சமையல் மணம். இந்தக் கதைகளையெல்லாம் அருங்காட்சியகம் கேலி செய்யாமல் பதிந்துவைக்கிறது.

பகலில் நாங்கள் வரவேற்பறையில் நின்றிருந்தபோது, அக்கா மகள் என் முழங்கையைப் பிடித்தாள். சரவிளக்கில் தொங்கிய கண்ணாடித் துண்டுகளில் ஒன்றிரண்டு மட்டும் மிக இலேசாக நடுங்கிக்கொண்டிருந்தன. சன்னல்கள் மூடியிருந்தன; எங்களைத் தவிர அறையில் யாரும் இல்லை. சில நொடிகளில் நடுக்கம் நின்றது. நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு அங்கேயே நின்றேன். ஐந்தாறு நிமிடம் கழித்து மறுபடியும் அதே நடுக்கம், அதே அளவு நேரம். உள்ளங்காலில் ஏதோ மெல்ல உறுமுவதுபோல ஓர் உணர்வு. வீட்டுக்கு மேற்கே, பக்கத்திலேயே லஃபாயெட் தெரு. அதன் அடியில் ஆறாம் எண் சுரங்க ரயில் ஓடுகிறது. நாங்கள் வந்ததே அந்த ரயிலில்தான். “பேய் கால அட்டவணைப்படி வருதே” என்று நான் சொன்னபோது அவளுக்கு என்மேல் கோபம்தான் வந்தது. “எல்லாத்துக்கும் ஒரு காரணம் சொல்லிடுவீங்க சித்தி” என்றாள். ரயில்தான் காரணம் என்பது என் ஊகமே தவிர, நிரூபித்தது இல்லை என்று அவளிடம் அப்போதே ஒப்புக்கொண்டிருக்கலாம். விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

கடைசியாக ஏறியது, கூரையை ஒட்டிய மேல்மாடிக்கு. படிகள் ஏற ஏற ஒடுங்குகின்றன. கைப்பிடியின் மெருகு குறைகிறது. மகாகனி மறைந்து சாதாரண மரம் வருகிறது. அங்கேதான் பணிப்பெண்கள் தங்கினார்கள். பெரும்பாலும் அயர்லாந்திலிருந்து பஞ்சத்துக்கும் வறுமைக்கும் தப்பி வந்த இளம்பெண்கள்; இந்த வீட்டில் ஒரே நேரத்தில் நான்கு பேர் வரை வேலை பார்த்தார்கள். சாய்ந்த கூரை, இரும்புக் கட்டில், ஒரு சிறு பெட்டி. கோடையில் ஓட்டின் வெப்பமும் குளிர்காலத்தில் சன்னல் வழி வரும் காற்றும் நேரடியாக இறங்கும் அறை. விடியும் முன்பே எழுந்து, அடுப்பு பற்றவைக்க அவர்கள் இறங்கவேண்டிய படிகளை நான் எண்ணத் தொடங்கி, நடுவில் மூச்சு வாங்கியதில் கணக்கைத் தவறவிட்டேன். அவர்கள் ஒரு நாளில் எத்தனை முறை ஏறி இறங்கினார்களோ! படிக்கட்டில் காலடிச் சத்தம் கேட்கிறது என்று யாராவது இந்த வீட்டில் சொன்னால், அது கெர்ட்ரூட் அம்மாளின் காலடி என்றே எல்லோரும் எடுத்துக்கொள்கிறார்கள். இந்தப் படிகளை அதிகம் தேய்த்த கால்கள் அவருடையவை அல்ல. ஆவியாக நடமாடுவதற்குக்கூட வீட்டின் பத்திரம் யார் பேரில் இருக்கிறது என்று பார்ப்பார்கள்போலும்.

மறுநாள் இரவு வந்தபோது நாங்கள் ஒரு சிறு கூட்டமாக, வழிகாட்டியின் பின்னால் நடந்தோம். பகலில் பார்த்த அதே அறைகள்தாம். ஆனால் மெழுகுவத்தி வெளிச்சம் கூரைவரை எட்டுவதில்லை. சுதை மலர்கள் இருளில் மூழ்கிவிட்டன. கண்ணாடிகள் திரைக்குப் பின்னால் இருந்தன. ஒவ்வொருவர் நிழலும் அவரவரைவிடப் பெரிதாகச் சுவரில் நடந்தது. மின்விளக்கு வந்த பிறகு பிறந்த நமக்கு இரவு என்றால் என்ன என்பது மறந்துபோய்விட்டது என்று அப்போது உணர்ந்தேன். இந்த வீட்டில் வாழ்ந்தவர்களுக்குத் தினந்தோறும் பாதி நாள் இப்படித்தான் இருந்திருக்கிறது. கெர்ட்ரூட் பிறந்ததும் இறந்ததும் எனச் சொல்லப்பட்ட கட்டிலருகே வந்தபோது கூட்டத்தில் ஒருவர் முதுகில் சில்லென்று காற்றுப் பட்டதாகச் சொன்னார். எனக்கும் பட்டது. பழைய கணப்பு மாடத்தின் புகைபோக்கி வழியே குளிர்காற்று இறங்கும் என்பது எனக்குத் தெரியும்; இருந்தும் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு இரண்டு அடி முன்னால் நகர்ந்து மற்றவர்களோடு ஒட்டிக்கொண்டேன். அக்கா மகள் அதைக் கவனித்துவிட்டாள்.

பேயை வைத்துக் காசு பார்க்கிறார்களே என்று பகலில் எனக்கு ஓர் எரிச்சல் இருந்தது. இரவில் அது போய்விட்டது. 1965-இல் நியூயார்க்கில் பாரம்பரியக் கட்டடங்களைக் காக்கும் சட்டம் வந்தபோது, மன்ஹாட்டனில் முதலில் பட்டியலில் ஏறியது இந்த வீடுதான்; 1981-இல் இதன் உட்புறத்துக்கும் அதே பாதுகாப்புக் கிடைத்தது. ஆனாலும் கட்டடம் ஒருமுறை இடிந்துவிழும் நிலைக்கு வந்து, ஜோசப் ராபர்ட்டோ என்ற கட்டடக் கலைஞர் பல ஆண்டுகள் பாடுபட்டுத் தூக்கி நிறுத்தவேண்டியிருந்தது. இப்போது பக்கத்து மனையில் பல மாடிக் கட்டடம் எழுப்பும் திட்டம் பல ஆண்டுகளாக அச்சுறுத்திக்கொண்டிருக்கிறது. அடித்தளம் தோண்டும் அதிர்வில் இரு நூற்றாண்டை நெருங்கும் சுதை வேலைப்பாடு விரிந்துவிட்டால், அதை மறுபடி செய்ய முடியும், மறுபடி பழையதாக்க முடியாது. பட்டியலில் பெயர் இருந்தால் மட்டும் கூரை ஒழுகாமல் இருந்துவிடாது. அதற்குப் பணம் வேண்டும். சாமான்களைப் பார்க்க வராதவர்கள் பேயைப் பார்க்க வருகிறார்கள். கடனில் மூழ்கி இறந்த கெர்ட்ரூட் அம்மாள், இறந்த பிறகு இந்த வீட்டுக்கு மாதாமாதம் சம்பாதித்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்.

நிகழ்ச்சி முடிந்து வெளியே வரும்போது எட்டரை மணி தாண்டிவிட்டது. வாசற்படிகளில் நின்று, ஆஸ்டர் பிளேஸ் நிலையத்துக்குப் போவதா, பிளீக்கர் தெரு நிலையத்துக்குப் போவதா என்று எங்களுக்குள் விவாதம் தொடங்கியது. அவள் வழக்கம்போலக் குரலை உயர்த்தினாள். நான் அவளைவிட உயர்த்தினேன். நான் சால்வையை இழுத்துப் போர்த்தியதை நடித்துக் காட்டி அவள் வாய்விட்டுச் சிரித்தாள். சிரிப்பின் நடுவில் அவள் சட்டென்று நிறுத்திவிட்டுக் கதவைத் திரும்பிப் பார்த்தாள். நானும் பார்த்தேன். கதவு மூடியிருந்தது, கறுப்புத் துணி மட்டும் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

“மெதுவாப் பேசுங்க சித்தி” என்றாள். இருவரும் இரும்புக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஓசை எழாமல் ஒவ்வொரு படியாக இறங்கித் தெருவுக்கு வந்த பிறகுதான் மறுபடி சண்டையைத் தொடர்ந்தோம்.